மரண அறிவித்தல்களில் ஓர் ஊரைத் தேடுதல்

‘யாழ். நீர்வேலியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஈழத்தமிழர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஊரையும் நாட்டையும் மாற்றிவிட்டால் எந்தக் குடும்பத்துக்கும் அது பொருந்தும். பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்தில் இத்தகைய வாக்கியங்களை எத்தனை தடவை ஒப்புநோக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆசிரியபீடத்தில் இருந்த எங்களுக்கு அந்தப் பக்கத்தின்மீது ஓர் இளக்காரம் உண்டு. விளம்பரப் பகுதியின் வேலை அது என்போம். ஆனால் வாசகர் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் தலையங்கத்தையா புரட்டினார்? முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். எங்கள் ஊர்களின் வரலாறு வேறெதிலும் இவ்வளவு ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது என் துணிபு. பெயர், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் இருக்கும் நாடுகள், தகனம் செய்யப்படும் மயானம் ஈறாக எல்லாம் அங்கே உண்டு.

இந்த அறிவித்தல்களைப் பல ஆண்டுகளாக வெட்டிச் சேர்த்து வந்தேன். பின்னர் அவற்றின் விபரங்களைச் சிலரைக்கொண்டு தட்டச்சுச் செய்வித்து ஒரு கணினிக் கோப்பாக்கினேன். ஓர் அறிவித்தலுக்கு ஒரு வரி. அண்மையில் நீர்வேலியைச் சேர்ந்த அன்பர்கள் சிலர், தங்கள் ஊரவர்களுக்காக ஒரு நினைவு மலர் தொகுக்க விரும்புவதாகவும், அந்தக் கோப்பிலிருந்து நீர்வேலிக்காரரை மாத்திரம் பிரித்துத் தர முடியுமா என்றும் கேட்டார்கள். நண்பர் ஒருவரின் மகன் கணினித் துறையில் இருக்கிறார். அவர் பைதன் மொழியில் செய்நிரல் எழுத, நிபந்தனைகளை நான் சொல்ல, சில வாரங்கள் இருவரும் தொலைபேசியில் இதே வேலையாக இருந்தோம். அதில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கணினி அறியாதவர்களும் படிக்கலாம். நானும் அந்த வகுப்பைச் சேர்ந்தவன்தான்.

நீர்வேலியை அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டியதும் வருவது நீர்வேலி. அதனை அடுத்துச் சிறுப்பிட்டி, பின் புத்தூர். செம்மண் பூமி. வாழைக்குலைக்குப் பேர்போன ஊர். அரசகேசரிப் பிள்ளையார் கோவிலும் அத்தியார் இந்துக் கல்லூரியும் அங்கேதான் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமொழியிலும் தமிழிலும் வல்லவராக விளங்கிய சங்கர பண்டிதரையும், அவர் மகன் சிவப்பிரகாச பண்டிதரையும் ஊர்ப் பெயரைச் சேர்க்காமல் எவரும் சொல்வதில்லை. ‘நீர்வேலி சங்கர பண்டிதர்’ என்றால்தான் அவர் முழுமையாக வந்து நிற்கிறார். ஊர்ப் பெயரால் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது எங்களுக்குப் புதிதன்று. அதனைக் கணினியைக்கொண்டு செய்யும்போதுதான் வினோதங்கள் தோன்றுகின்றன.

செய்நிரலைத் தமிழிற் சொன்னால் இவ்வளவுதான்: கோப்பைத் திற. ஒரு வரியை எடு. அதைக் கட்டம் கட்டமாகப் பிரி. ஊர் என்ற கட்டத்தில் நீர்வேலி இருந்தால் அந்த வரியை அகராதியிற் சேர். இல்லையேல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ. வரிகள் முடிந்ததும் கோப்பை மூடு. பத்து வரிகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுதுவார்கள்.

முதற் சிக்கல் ‘பிரி’ என்ற சொல்லிலேயே இருந்தது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். உலகெங்கும் பெருவழக்காகக் காற்புள்ளியை வைப்பார்கள். மரண அறிவித்தலிலோ சொல்லுக்குச் சொல் காற்புள்ளி. பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் அதற்குக் குறைவே இல்லை. அதனால் என் கோப்பின் பழைய பகுதிகளைத் தட்டச்சுச் செய்தவர் அரைப்புள்ளியை இட்டிருந்தார். நல்ல யோசனைதான், அந்தப் பகுதிகள் பாமினி எழுத்துருவில் இல்லாதிருந்தால்.

பாமினியை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் ஏராளமான தமிழ் அந்த எழுத்துருவிலேயே தட்டச்சாயிற்று. திரையில் தமிழ் தெரியும். கோப்பினுள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. அதிலே மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒதுக்கப்பட்ட இடம் அரைப்புள்ளி விசை. ஆகவே அரைப்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டு என்று கணினிக்குச் சொன்னால், அது ‘நீர்’ என்பதன் புள்ளியிலே வெட்டும். ‘நீர’ ஒரு கட்டத்திலும் ‘வேலி’ அடுத்த கட்டத்திலும் போய் விழும். வேலிக்காக வழக்காடிப் பேர்போன எங்கள் மண்ணில், ஊர்ப் பெயருக்கு நடுவிலேயே ஒருவர் வேலி போட்ட கதை இது. தனி ‘வேலி’யை வைத்துக்கொண்டு எதையும் தேடவும் இயலாது, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி என்று ஊரெல்லாம் திரண்டு வரும். நல்ல வேளையாக, இந்தத் தம்பி செய்நிரலில் கைவைக்கு முன்னரே கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவர். பாமினிப் பகுதிகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, கட்டங்களுக்கிடையே வேறோர் அடையாளத்தை இட்டபின்புதான் அடுத்த வேலையைத் தொடங்கினார்.

ஒருங்குறிக்கு மாறினால் எல்லாத் தொல்லையும் தீரும் என்று எண்ணுவோர் கோப்பாயைத் தேடிப் பார்க்கவேண்டும். ‘கோ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. இரட்டைக் கொம்பையும் அரவையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து இடுவது மற்றது. திரையில் இரண்டுக்கும் இம்மியும் வேறுபாடு தெரியாது. அச்சிலும் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்றைக் கேட்டால் மற்றதைத் தராது. ஈய எழுத்துக் கோத்த காலத்திலும் அச்சுக்கோப்பாளர் கொம்பை ஒரு பெட்டியிலும் அரவை இன்னொரு பெட்டியிலும் எடுத்தார்தான். ஆனால் வாசிப்பவர் கண்ணுக்கு அது ஒரே ‘கோ’. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதி கூறுகிறது. அவ்வாறு ஒன்றாக்கும் கருவியும் பைதனோடு கூடவே வருகிறது. கேட்டால் செய்யும். கேட்காவிட்டால் செய்யாது. நீர்வேலி என்ற பெயரில் இத்தகைய இரட்டைக் குறி இல்லாதபடியால் அவ்வூருக்கு இந்த ஆபத்து இல்லை. அடுத்த ஊரான கோப்பாய்க்கு உண்டு, தொண்டைமானாற்றுக்கும் கொடிகாமத்துக்கும் உண்டு.

இதைவிடக் கொடியது வேற்றுமை உருபு. ‘ஊர்க் கட்டத்தில் இந்தச் சொல் அடங்கியிருக்கிறதா’ என்று கேட்பது ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் போதும். தமிழில் ஊர்ப் பெயர் அறிவித்தலிலே தனியாக நிற்பதில்லை. ‘பிறப்பிடமாக’ என்ற சொல்லுக்கு முன் இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கும். தட்டச்சுச் செய்தவர்களுட் சிலர் அதை அப்படியே பெயர்த்திருந்தார்கள். நீர்வேலி இகரத்தில் முடிவதால் ‘நீர்வேலியை’ என்பதனுள் ‘நீர்வேலி’ முழுமையாக இருக்கிறது. புத்தூர் அவ்வாறன்று. ‘புத்தூரை’ என்றாகும்போது ஈற்றுப் புள்ளி மறைந்து ஐகாரம் ஏறிவிடுகிறது. ‘புத்தூரை’க்குள் ‘புத்தூர்’ இல்லை என்று கணினி கைவிரிக்கும். அதன் கணக்கில் அது சரிதான். கோப்பாய் ‘கோப்பாயை’ ஆகும்போதும் இதே கதை. இகரத்தில் முடிந்த ஊரில் பிறந்தவன் கணினிக்கு எளிதில் அகப்படுகிறான். மெய்யில் முடிந்த ஊரில் பிறந்தவன் விடுபட்டுப் போகிறான். நன்னூல் படித்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இத்தகைய வேலைக்குப் பெரிய உதவி.

இனி அகராதி. பைதன் மொழியில் விபரங்களைத் திரட்டி வைக்கும் ஒருவகை ஏற்பாட்டுக்கு அகராதி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பெயர். யாழ்ப்பாணத்தானுக்கு அகராதி என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதி 58,500 சொற்களைக் கொண்டிருந்தது. 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோ பாதிரியாரின் தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அதற்கும் அடித்தளம் இடப்பட்டது யாழ்ப்பாணத்திலேதான். அகரம் ஆதியாக வருவதால் அகராதி. பைதனின் அகராதியில் அகரமும் ஆதியும் கிடையாது. 3.7 பதிப்பு வெளியான 2018 முதல், சேர்த்த ஒழுங்கிலேயே அது வைத்திருக்கும் என்பது மொழியின் விதி. அதற்கு முன் அந்த உறுதியும் இல்லை. ஆனால் ஒரு திறப்பைக் கொடுத்தால் (ஆங்கிலத்தில் அதைச் சாவி என்கிறார்கள், எங்களூரில் திறப்பு) வரிசையாகத் தேடிக்கொண்டிராமல் அந்தப் பெயரையே ஒரு கணக்குக்கு உட்படுத்தி, அதன் விடை காட்டும் இடத்துக்கு நேரே போய்ப் பொருளை எடுத்துத் தரும். வேகத்தின் இரகசியம் அதுதான்.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு திறப்புக்கு ஒரு பொருள் மாத்திரமே. அதே திறப்போடு இன்னொன்று வந்தால் முன்னதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதனை வைக்கும். எச்சரிக்கை கிடையாது. முணுமுணுப்பும் கிடையாது. வீரமாமுனிவர் 1732இலேயே சதுரகராதியின் முதற் பகுதியை ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களுக்கென்று ஒதுக்கினார்; இந்த அகராதிக்கு அந்தப் பெருந்தன்மை இயல்பாக இல்லை.

இறந்தவரின் பெயரைத் திறப்பாக வைத்தால் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பேரனார் பெயரைப் பேரனுக்கு இடும் சமூகம் எங்களுடையது. கந்தையாக்களும் பொன்னம்பலங்களும் சின்னத்தம்பிகளும் ஓர் ஒழுங்கைக்கு ஒருவராவது இருந்த தலைமுறையின் மரணங்கள்தான் என் கோப்பில் அதிகம். 1990களில் இறந்த கந்தையாவின் இடத்தில் 2011இல் இறந்த கந்தையா வந்து அமர்ந்துகொள்வார். முன்னவர் எங்கும் அறிவிக்கப்படாமல் இரண்டாம் முறை இறந்துபோவார். முடிவில் அகராதியை எண்ணினால் ஒரு தொகை வரும். அது சரியான தொகை போலவே தோன்றும்.

மறுபுறம், ஒரே ஆள் என் கோப்பில் மூன்று முறை வருகிறார். முதலில் மரண அறிவித்தல். பின்னர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நன்றி நவிலல். ஆண்டு திரும்பினால் நினைவஞ்சலி. சில குடும்பங்கள் பத்தாம் ஆண்டுக்கும் போட்டிருக்கின்றன. இந்த மூன்றையும் ஒருவராக்க வேண்டும். அந்த இரண்டு கந்தையாக்களையும் இருவராகவே வைத்திருக்கவும் வேண்டும். பெயர் மாத்திரம் திறப்பானால் முதல் வேலை நடக்கும், இரண்டாவது கெடும். ஒவ்வொரு வரிக்கும் தனி இலக்கம் கொடுத்தால் இரண்டாவது நடக்கும், முதலாவது கெடும். கடைசியில் பெயர், தந்தை பெயர், இறந்த திகதி மூன்றையும் சேர்த்துத் திறப்பாக்கினோம். ஒவ்வொரு திறப்புக்கும் எதிரே ஒரு பொருளை வைக்காமல் ஒரு பட்டியலை வைத்து, அதே திறப்போடு வரும் வரிகளையெல்லாம் அதிற் சேர்த்துக்கொண்டே போகச் செய்தோம். ‘காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதியினரின் அன்பு மகனும்’ என்ற அந்தச் சலித்துப்போன வாக்கியம் இங்கேதான் எங்களைக் காப்பாற்றியது. அதில் உள்ள தந்தையின் பெயர் இல்லாவிட்டால் ஆளை ஆளிலிருந்து பிரிக்க வழியில்லை.

இவ்வளவும் பொறிமுறை. வடிகட்டும் நிபந்தனைக்கு வந்தபோதுதான் தொலைபேசியில் வாக்குவாதம் தொடங்கியது. ‘நீர்வேலிக்காரர் என்றால் யார் ஐயா, அதைச் சொல்லுங்கள்’ என்றார் தம்பி. கேள்வி எளிது. பிறப்பிடம் நீர்வேலியாக இருக்கவேண்டுமா, வதிவிடமா?

வதிவிடத்தை நிபந்தனையாக்கினால் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனம். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையிலேயே சீதனம் ஒரு பெரும் பகுதி. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் ஊருக்குப் போய்விடுவான். ஆகவே நீர்வேலியிற் பிறந்த ஆண்களிற் பலர் அறிவித்தலில் உரும்பிராய் வதிவிடக்காரராகவோ உடுவில் வதிவிடக்காரராகவோ ஆகிவிடுகிறார்கள். அங்கிருந்து பெண்ணெடுத்து வந்தவர்கள் நீர்வேலிக் கணக்கில் ஏறுகிறார்கள். ஆண்டாண்டாக நீர்வேலித் தோட்டத்தில் தண்ணீர் மாறி, நீர்வேலிக் கோவிலில் தேர்வடம் பிடித்த அந்த மருமகனை ‘பிறப்பிடம் வேறு’ என்று தள்ள நமக்கு என்ன உரிமை? ஊர் ஏற்றுக்கொண்டவரைச் செய்நிரல் ஏற்றுக்கொள்ளாதாம்.

பிறப்பிடத்தை எடுத்தால் வேறொரு பக்கம் இடிக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததை மறந்தவர் இல்லை. அங்கிருந்து வன்னிக்குச் சென்றவர்களும் உண்டு. அந்த இடப்பெயர்விலும் அதன் பின்னரும் பிறந்த நீர்வேலிக் குடும்பத்துப் பிள்ளைகளின் பிறப்பிடம் சாவகச்சேரி என்றோ கிளிநொச்சி என்றோதான் பதிவாகியிருக்கும். அவர்களில் இள வயதில் மாண்டவர்களின் அறிவித்தல்கள் என்னிடம் இருக்கின்றன. பெற்றோர் நீர்வேலி, பேரன் பேத்தி நீர்வேலி, பிள்ளை மாத்திரம் நீர்வேலி இல்லை. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோரின் ஊர் என்ற மூன்றில் எதிலாவது நீர்வேலி இருந்தால் சேர்க்கலாம் என்று நான் நின்றேன். அப்படியானால் பக்கத்து ஊரவர் பாதிப்பேர் உள்ளே வருவார்கள் என்றார் தம்பி. வரட்டுமே என்றேன். நினைவு மலரில் ஒருவர் கூடுதலாக வந்தால் யாரும் அழப்போவதில்லை. ஒருவர் விடுபட்டால் அழுவார்கள். மூன்று வகையினரையும் மூன்று அகராதிகளாகப் பிரித்துவைத்து, எவரை எந்தத் தலைப்பின் கீழ் இடுவது என்பதை ஊரவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம்.

வடிகட்டிக்குள் அகப்படாதவர்கள் இன்னும் இரண்டு கூட்டம். ஒன்று, அறிவித்தலே வெளிவராதவர்கள். பத்திரிகையில் மரண அறிவித்தல் கட்டணத்துக்குரியது. வெளிநாட்டில் பிள்ளை இருந்தவரின் மரணம் அரைப்பக்கமாக வந்தது. இல்லாதவரின் மரணம் ஊரோடு நின்றது. 2009இல் வன்னியில் மடிந்தவர்களிற் பலருக்கு அறிவித்தல் கொடுக்க வீட்டில் எவரும் மிஞ்சவில்லை. மற்றக் கூட்டம் காணாமற்போனவர்கள். என் செய்நிரலில் ‘இறந்த திகதி உள்ளவர்’ என்பது ஒரு நிபந்தனை. அது இல்லாமல் திறப்பையே அமைக்க இயலாது. காணாமற்போனவருக்குத் திகதி கிடையாது. தாய் தகப்பன் அந்தத் திகதியை இட மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மலர் தொகுக்கும் அன்பர்களுக்கு இதனை எழுதி, அவர்களுக்கென ஒரு பக்கத்தைப் பெயர்களை வீடு வீடாகக் கேட்டு நிரப்புங்கள், என் கோப்பு உதவாது என்று சொல்லியிருக்கிறேன்.

செய்நிரலில் கடைசியாக ஒரு மாற்றம் செய்வித்தேன். ‘இல்லையேல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ’ என்ற இடத்தில், ‘இல்லையேல் இன்னொரு கோப்பில் எழுதிவை’ என்றாக்கினோம். பத்திரிகைக்காரப் புத்தி. கழித்த செய்தியையும் ஒரு கிழமையாவது கூடைக்குள் வைத்திருப்போம். அடுத்த நாள் எவராவது கேட்டு வருவார்கள். கழிந்த வரிகள் ஏராளம். அவற்றுள்ளும் ஊர்க் கட்டம் வெறுமையானவை, ஒழுங்கையின் பெயர் மாத்திரம் உள்ளவை, கோவிலின் பெயரை ஊராகக் கொண்டவை ஆகியவற்றைத் தனியே பிரித்து அச்செடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஸ்காபரோவில் இருக்கும் நீர்வேலிப் பெரியவர் ஒருவரோடு தொலைபேசியிற் பேசுகிறேன். வயது தொண்ணூறை நெருங்குகிறது. கண் மங்கல், காது சுகம். நான் பெயரை வாசிப்பேன். அவர் முதலில் தகப்பன் பெயரைக் கேட்பார். பின் ‘பெண்சாதி ஆர்?’ என்பார். சிலவேளை நெடுநேரம் பேச்சிராது. பிறகு, ‘உவர் எங்கட ஆள்தான் தம்பி. கந்தசாமி கோவிலடியிலை இருந்தவர். உவற்றை தமையனும் செத்துப்போனார், அவரை எழுதினனீரோ?’ என்று கேட்பார்.

தமையனாரைத் தேடிப் பார்த்தேன். கழிந்த கோப்பில் இருந்தார். வதிவிடம் உரும்பிராய், பிறப்பிடக் கட்டம் வெறுமை. பெயரைச் சேர்த்துக்கொண்டேன். இன்னும் பதினாறு தாள்கள் இருக்கின்றன.